விளாவின வெந்நீர்

ஐப்பசி 1, வெள்ளி

அடி பூசணி,

டாக்டரம்மா உனக்குக் கொடுத்த நோட்டில் நீ நாற்பத்தோரு பக்கம் எழுதியிருக்கிறாய். மிச்சம் சும்மா கிடக்கிறது. அலுப்பு எவ்வளவு, எது மறந்தது, எந்தக் கால் இழுத்தது என்று தேதி போட்டு எழுதச் சொன்னார்கள், நீயும் ஒழுங்காக எழுதினாய். இனி நான் எழுதுகிறேன். அஞ்சாம் கிளாஸ் கையெழுத்து. சிரிக்காதே.

இன்றைக்குப் புது வீடு. வால்வு திறந்து தண்ணீர் விடுகிற ரத்தினவேல் இருக்கிறானே, அவன் பொண்டாட்டி நர்மதாவுக்குப் பெண் பிள்ளை. பதினாறாம் நாள். அவளுக்கு அம்மா இல்லை, கம்பத்தில் ஒரே ஒரு அண்ணன். அதனால் மாமியார் தவமணியே பிரசவம் பார்த்துக்கொள்கிறாள். தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்ட என்னைக் கூப்பிட்டிருந்தாள்.

போய்ப் பார்த்தால் அண்டாவில் நொச்சி இலையும் புளிய இலையும் தளதளவென்று கொதிக்கிறது. முதலில் பிள்ளை. காலை நீட்டி உட்கார்ந்து மேலே போட்டு எண்ணெய் தேய்த்தேன். நல்ல கனம். உன்னை மாதிரியே கன்னம் தொங்குகிறது. பதினேழு வருஷத்தில் முந்நூறு பிள்ளைக்கு மேல் இந்தக் காலில் கிடந்திருக்கிறது, ஒன்றுகூட வழுக்கினதில்லை.

அப்புறம் தாய்க்காரி. முதுகு, இடுப்பு, அடிவயிறு. இடுப்பில் ஊற்றுகிற தண்ணீர் சுள்ளென்று விழ வேண்டும், சும்மா வழிய விடக் கூடாது. அது என் கைக்குத் தெரியும். ஏழெட்டுச் செம்பு ஆனதும் நர்மதா தலையைத் தூக்கி, "பெரியம்மா, வலது கண்ணு பொகையடிச்ச மாதிரி இருக்கு" என்றாள்.

"ஆவி தாயி. கதவைச் சாத்தியிருக்குல்ல" என்றேன்.

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு கை கொஞ்சம் நின்றது.

சாயந்திரம் நம் வீட்டு பாத்ரூமைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன்.

ஐப்பசி 2, சனி

குளித்து எழுந்ததும் அந்தப் பிள்ளைக்கு இடது கால் மடங்கியது. நான் பிடித்துக்கொண்டேன். பாத்ரூம் தேய்த்தேன்.

ஐப்பசி 4, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை என்று வேலைக்குப் போகவில்லை. படுத்துக்கொண்டே அந்தப் பிள்ளையின் காலை யோசித்தேன்.

இன்றைக்குப் போனபோது தவமணி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மதினி, எம் மருமக மாதிரி ஒருத்திய நீ கண்டிருக்கியா? நாலு பெத்தவ நான். பதினொன்னாம் நாளு ஒரல்ல மாவாட்டுனேன். இவ என்னடான்னா பிள்ளைக்குப் பால் குடுத்தமா இல்லையான்னு எங்கிட்ட வந்து கேக்குறா. குடுத்தது நீயா நானா?"

"பச்ச ஒடம்பு மதினி. மறதி இருக்கும்."

"மறதியா? பத்து மணிக்கு எந்திரிச்சு பதினோரு மணிக்குப் படுக்குறா. என்னம்மா பண்ணுதுன்னா, 'அலுப்பா இருக்கு அத்த'ங்குறா. அலுக்கிறதுக்கு என்னத்தப் பண்ணுனா?"

எனக்கு உன் ஞாபகம் வந்தது பூசணி. இதே மாதிரி நானும் சொல்லியிருக்கிறேன். ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்து நீ செருப்பைக் கழற்றாமல் அப்படியே படுப்பாய். நான் வாசலில் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "மகாராணி வந்துட்டாங்க, கால அமுக்குங்க" என்பேன். ரெண்டு வருஷம் சொன்னேன்.

அப்புறம்தானே மதுரையில் மெர்சி டாக்டரம்மா உன்னைப் படம் எடுத்தார்கள். மூளைக்குப் போகிற ரத்தத்தை அளக்கிற படம். ஊசிகூடப் போடவில்லை, மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்கு எடுக்கிறோம் என்று உன்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நோய் இல்லாத பெண் ஒருத்தியின் படத்தையும் உன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ரத்தம் நன்றாக ஓடுகிற இடம் ஆரஞ்சு, குறைவாக ஓடுகிற இடம் நீலம். அவளுடையது அடுப்புத் தணல் மாதிரி இருந்தது. உன்னுடையதில் நீலம் படர்ந்து கிடந்தது.

"எம்.எஸ்.ங்கிற இந்த நோய் இருக்கிறவங்களுக்கு நரம்பு மேல இருக்கிற உறை கெட்டுப்போகுதுன்னு சொன்னேன்ல" என்றார்கள் டாக்டரம்மா. "அது மட்டும் இல்லம்மா. பல பேருக்கு மூளைக்குப் போற ரத்தமே கொஞ்சம் கம்மியா இருக்கு. நல்லா இருக்கிற மாதிரித் தெரியிற எடத்துலயும் கம்மி. அதுனால நோய் வருதா, நோயால அது கொறையுதான்னு எங்களுக்கே இன்னும் முழுசாத் தெரியல. ஆனா உங்க பொண்ணு அலுப்புன்னு சொல்றது நடிப்பு இல்ல."

நீ என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாய். நான் ஸ்கேன் கவரை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன்.

இன்றைக்குத் தவமணி பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற நேரம் பார்த்து, நர்மதா குளிக்கிற தண்ணீரில் ரெண்டு வாளி பச்சைத்தண்ணீரைச் சேர்த்து விளாவிவிட்டேன். கைக்கு வெதுவெதுப்புத்தான். குளிப்பாட்டி முடித்ததும் அவளாகவே எழுந்து நடந்தாள். கண்ணும் புகையவில்லையாம்.

ஐப்பசி 5, செவ்வாய்

இன்றும் விளாவினேன். இன்றும் நடந்தாள். பாவாடை நாடாவைத் தானே கட்டிக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் டாக்டர் இல்லை. ஆனால் உன்னோடு மூன்று வருஷம் மதுரைக்கும் ஊருக்கும் அலைந்தவள். எந்த வாசலில் சீட்டு, எந்த மாடியில் கண் பரிசோதனை, எந்த நர்ஸம்மா சிடுசிடுப்பாள், எவள் சிடுசிடுத்துக்கொண்டே வேலையை முடித்துத் தருவாள், எல்லாம் எனக்கு அத்துபடி. இந்தப் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும்.

பாத்ரூம் தேய்த்தேன். எதிர்வீட்டு அமுதா எட்டிப் பார்த்து, "தெனம் தேய்க்கிறீங்களேக்கா, தரை தேஞ்சு போயிராது?" என்றாள். "பாசி புடிக்கிது" என்றேன்.

ஐப்பசி 6, புதன்

மாட்டிக்கொண்டேன்.

தவமணி திடீரென்று உள்ளே வந்து வாளிக்குள் விரலை விட்டாள்.

"என்ன மதினி இது? பச்சத்தண்ணி!"

"வெதுவெதுன்னு இருக்குல்ல."

"இதுல மாட்டக்கூடக் குளிப்பாட்ட முடியாது. சுடுதண்ணி இல்லாம இடுப்பு எப்படி இறுகும்? தீட்டு எப்படி வத்தும்? நீயெல்லாம் முந்நூறு பேரக் குளிப்பாட்டுனவளா?"

"மதினி, இவளுக்குச் சூடு ஆகல. குளிச்சதும் கண்ணு மறைக்குது, காலு மடங்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். எம் மகளுக்கும் இப்படித்தான்..."

"வாய மூடு!" என்றாள். "பச்சப் பிள்ள தொட்டில்ல கெடக்கு. செத்தவ பேச்ச எடுத்துக்கிட்டு வர்ற. ஒம் மகளுக்கு வந்தா ஊருக்கே வரணுமா?"

நாளைக்கு நீ வர வேண்டாம், நானே ஊற்றிக்கொள்கிறேன் என்றாள். சரி என்று எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். முதல் தடவையாக ஒரு வீட்டில் பாதியில் நின்றிருக்கிறேன். கோபம் வரவில்லை. நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்குப் பயம்.

ஐப்பசி 7, வியாழன்

காலையில் தவமணி கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருக்கிறாள். குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிய நர்மதா அப்படியே கட்டிலோரம் சரிந்துவிட்டாள். பிள்ளை மெத்தையில் விழுந்ததால் தப்பித்தது. தெருவெல்லாம் இதே பேச்சு. பால் வாங்கப் போன இடத்தில் அமுதா சொன்னாள்.

"பிள்ளையக் கீழ போட்டுட்டாளாம்க்கா. தீவாளிக்கு அண்ணன்காரன் வர்றானாம். அவனோட இவள அனுப்பிச்சிட்டு, பிள்ளைய இவங்களே வச்சுக்கிறப் போறாங்களாம்."

தீபாவளி இன்னும் ஏழு நாள்.

நான் பால் தூக்கை வீட்டில் வைத்தேன். உன் படம் இருக்கிற கவரை எடுத்தேன். நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போனேன். ரத்தினவேல் அந்த நீள இரும்புச் சாவியை வைத்து வால்வைத் திருகிக்கொண்டிருந்தான்.

"என்ன அத்தை, தண்ணி வரலையா?"

"எங்க தெருவுக்கு என்னைக்கு ஒழுங்கா வந்துச்சு? அத விடு. இதப் பாரு."

படத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"இது எம் மக மூள. இந்த நீலமெல்லாம் ரத்தம் கம்மியாப் போற எடம். நர்மதாவுக்கும் இப்படித்தான் இருக்கும்னு நான் சொல்ல வரல. அதப் பாக்க டாக்டர் இருக்காங்க. ஆனா அவ படுத்துக் கெடக்குறது சோம்பேறித்தனம் இல்லப்பா."

அவன் சாவியைக் கீழே வைக்காமலே, "ஆள் பாக்க நல்லாத்தான் இருக்கா அத்தை. சாப்புடுறா. காச்ச இல்ல, காயம் இல்ல. அம்மா சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல?" என்றான்.

"தொட்டி நெறையத் தண்ணி இருக்கு. மெயின் பைப்பு ஒடையல. ஆனா எங்க கடைசித் தெருவுல கொழாயத் தொறந்தா நூல் மாதிரி வருது. எதுனால?"

"பிரஷர் பத்தாது. மேடு வேற."

"ஒரு கொடம் ரொம்ப முக்கா மணி நேரம் ஆகுது எனக்கு. மொதத் தெருக்காரி அஞ்சு நிமிசத்துல புடிச்சிட்டுப் போய் சமையலே முடிச்சிருவா. நான் கொழாயடியில உக்காந்திருக்கேன். அப்ப நான் சோம்பேறியா?"

அவன் வால்வை இன்னும் ரெண்டு சுற்றுத் திருகினான். பிறகு படத்தை மறுபடி வாங்கிப் பார்த்தான்.

"பாண்டிமீனா அக்காவோடதா இது?"

"ஆமா."

"எனக்கு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்திருக்கு. பேப்பரத் தலகீழா வச்சிட்டு அதுவே சிரிக்கும்." படத்தைக் கவருக்குள் வைத்துக் கொடுத்தான். "நாளைக்கு லீவு சொல்லிட்டு வர்றேன். கூட்டிட்டுப் போவோம்."

உன் பேரை ஒருத்தன் முழுசாகச் சொல்லி எவ்வளவு நாளாகிறது!

ஐப்பசி 8, வெள்ளி

மதுரையில் இருந்து இப்போதுதான் வந்தேன். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் மறந்துபோகும்.

தவமணியும் வந்தாள். "எம் பேத்திக்குப் பசியெடுத்தா யாரு பாப்பா? அதுக்காகத்தான் வர்றேன்" என்று பஸ்ஸில் மூன்று தடவை சொன்னாள். என்னிடம் சொல்லாமல் ஜன்னலிடம் சொன்னாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்கள். "ராக்கம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கையைப் பிடித்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வேலை இருந்தது. "இந்தப் பிள்ளையப் பாருங்க. கண்ணு, காலு, மறதி, அலுப்பு. சூட்டுல கூடுது" என்று நோட்டில் எழுதி வந்ததை வாசித்தேன். அவர்கள் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார்கள், கால் அடியில் கோடு போட்டுப் பார்த்தார்கள், இன்றைக்கே ஸ்கேன் என்றார்கள். பிள்ளை பெற்றதும் சில பேருக்கு இது கிளம்புவது உண்டாம்.

ஸ்கேன் வாசலில்தான் ரகளை.

உலோகம் ஒன்றும் உள்ளே வரக் கூடாது. மெட்டி, கம்மல், மூக்குத்தி எல்லாம் கழற்றியாகிவிட்டது. தாலிச் செயினில் நர்மதா பதினோரு ஊக்கு மாட்டி வைத்திருந்தாள். மெஷின் பையன், "இந்த ஊக்கெல்லாம் உள்ள போனா அம்பு மாதிரிப் பறக்கும்மா. செயினையும் கழட்டிருங்க" என்றான்.

தவமணி பிள்ளையோடு வந்து குறுக்கே நின்றாள். "தாலியக் கழட்டுறதா? எம் மகன் கல்லு மாதிரி முன்னாடி நிக்கிறான், தாலியக் கழட்டுறதா?"

"அம்மா, எல்லாரும் கழட்டத்தான் செய்றாங்க."

"எல்லாரும் கெணத்துல விழுவாங்க. நாங்களும் விழணுமா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் என் பையைத் திறந்தேன். மஞ்சள் கயிறும் ஒரு துண்டு விரலி மஞ்சளும் எடுத்தேன். மூன்று வருஷம் அந்த வாசலில் உட்கார்ந்து இதே சண்டையை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! காலையிலேயே எடுத்து வைத்துவிட்டேன்.

"இதக் கட்டுப்பா மொதல்ல. அப்புறம் அதக் கழட்டு. ஒரு நிமிசம்கூடக் கழுத்து வெறுங்கழுத்தா இருக்காது" என்றேன்.

ரத்தினவேல் கூச்சத்தோடு கட்டினான். முடிச்சுப் போடத் தெரியாமல் ரெண்டு தடவை அவிழ்ந்தது. வீல்சேரில் இருந்த ஒரு பெரியவர், "கல்யாணச் சாப்பாடு எங்கப்பா?" என்று கேட்டார். வரிசையே சிரித்தது. நர்மதாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன். தவமணி மூன்றாவது முடிச்சைத் தானே போட்டாள்.

சாயந்திரம் டாக்டரம்மா கூப்பிட்டார்கள். மூளையில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி, ஆனாலும் எம்.எஸ்.தான் போலிருக்கிறது என்று அதன் முழுப் பேரையும் சொன்னார்கள். அஞ்சு நாள் ஊசி. ஊசி போட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் பால் கொடுக்க வேண்டும், அதற்கும் அட்டவணை எழுதிக் கொடுத்தார்கள். "சீக்கிரமே கூட்டிட்டு வந்துட்டீங்க. இப்ப நல்ல மருந்தெல்லாம் இருக்கு. பிள்ளைய ஸ்கூலுக்கு இவளே நடத்திக் கூட்டிட்டுப் போவா" என்றார்கள்.

தவமணி மட்டும், "பேரே வாயில நொழையல. இது எப்படி எங்க வீட்டுக்குள்ள நொழஞ்சுச்சு?" என்றாள்.

அந்த ரத்தப் படம் இவளுக்கும் எடுப்பீர்களா என்று கேட்டேன். அது நோயைக் கண்டுபிடிக்கிற படம் இல்லை, ஆராய்ச்சிக்கு எடுத்தது, அந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றார்கள். உன் படமும் அதில் சேர்ந்திருக்கிறதாம். பேர் இல்லாமல், நம்பராக.

கிளம்பும்போது தனியாக ஒன்று கேட்டேன். "டாக்டரம்மா, வெந்நீரு ஊத்துனா இந்த நோவு முத்திருமா?"

"முத்தாது. சூட்டுல நரம்புக்குச் சேதி போறது தடைப்படும். ஒடம்பு ஆறுனதும் பழையபடி ஆயிரும். சூடு நோயக் கூட்டாது ராக்கம்மா. அந்த நேரத்துல தனியா எந்திரிச்சு விழுந்திரக் கூடாது, அதுதான்."

நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று வந்துவிட்டேன்.

ஐப்பசி 10, ஞாயிறு

துணி துவைத்தேன். அரிசி களைந்தேன். அமுதா முறுக்குச் சுட்டுக் கொண்டுவந்தாள். வருஷம் திரும்பாத வீடு, பலகாரம் செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் கொண்டுவந்தாள்.

பாத்ரூம் தேய்த்தேன்.

ஐப்பசி 13, புதன்

நேற்று நர்மதாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கண் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாளாம். இனி நல்ல காலம்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்திரம் ரத்தினவேல் வந்தான். உட்காரவில்லை.

"அத்தை, அம்மா ஒத்துக்கிற மாட்டேங்குது. அஞ்சு நாளா ஆஸ்பத்திரியில கெடந்த ஒடம்பு, நீங்க விளாவி ஊத்துனதாலதான் இடுப்புல குளிர்ச்சி எறங்கிருச்சுங்குது. நாளைக்குத் தீவாளிக்கு எண்ணெய் தேச்சு நல்லா சூடா ஊத்திப் பாக்குமாம். எந்திரிச்சு நடந்தா இங்கயே இருக்கட்டும். விழுந்தா, டாக்டர் மருந்தும் வேலைக்காகலன்னு அர்த்தம், மத்தியானம் அண்ணன் வந்ததும் கூட்டிட்டுப் போயிரட்டும்னு சொல்லுது. பிள்ளைய விட்டுட்டு."

"நீ என்ன சொன்ன?"

"சத்தம் போட்டேன். அதுக்கு அது ஒப்பாரி வச்சிருச்சு. நாளைக்குக் காலையில நான் இருந்தா அத சூடா ஊத்த விட மாட்டேன். ஆனா நான் இருக்க முடியாது. தீவாளிக் குளியலுக்கு ஊர் பூராம் தண்ணி விடணும். அஞ்சு மணிக்கெல்லாம் தொட்டிக்குப் போயிருவேன்." தலையைத் தொங்கப் போட்டான். "நீங்க வர முடியுமா?"

அவனுக்கே தெரியும் அவன் கேட்பது என்னவென்று. சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டுக்காரி, தீபாவளிக் காலையில், பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு.

"வர்றேன்" என்றேன்.

ஐப்பசி 14, வியாழன். தீபாவளி

விடிகிற நேரத்துக்குப் போய்விட்டேன். தெருவில் வெடிச் சத்தம். அண்டா கொதிக்கிறது. நர்மதா பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு பலகையில் உட்கார்ந்திருக்கிறாள், தலையில் எண்ணெய் வைத்தாகிவிட்டது. என்னைக் கண்டதும் அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது. தவமணி செம்பும் கையுமாகத் திரும்பினாள்.

"வாசல்லயே நில்லு! நாளும் கெழமையுமா என்ன வரத்து இது? ஒனக்கு அறிவு இருக்கா?"

"வாசல்லயே நிக்கிறேன் மதினி. ஒன்னே ஒன்னு சொல்லிட்டுப் போயிர்றேன். அதுக்கப்புறம் நீங்க ஊத்துங்க."

"சொல்லித் தொல."

ஒரு வருஷமாக ஊரில் எல்லாரிடமும் ஒரே சொல்லைச் சொல்லி வந்திருக்கிறேன். டாக்டரம்மாவிடமும் அதே. இந்த நோட்டில்கூடப் பாசி என்றுதான் எழுதினேன். இனி மாற்றிச் சொல்ல வேண்டும்.

"எம் மக பாத்ரூம்ல பாசி வழுக்கி விழுந்து செத்தான்னு சொன்னேன்ல. அங்க பாசி இல்ல மதினி. தீவாளிக்கு மொத நாளுதான் நான் தேச்சுக் கழுவியிருந்தேன்."

தவமணி செம்பை இறக்கினாள்.

"சூடா ஊத்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. ஒரு வருஷம் நானும் ஊத்தல. போன தீவாளிக்கு எனக்கு மனசு கேக்கல. வருஷத்துக்கு ஒரு நாளு, எண்ணெய் தேச்சு ஊத்துனா என்ன ஆயிரும்? முந்நூறு பேருக்கு ஊத்துனவ நான். எனக்குத் தெரியாததா? நொச்சி எல போட்டு, இப்ப நீங்க வச்சிருக்கீங்களே, இதே மாதிரி. ஊத்த ஊத்த, 'அம்மா, கண்ணு தெரியல'ன்னா. சீயக்கா பட்டிருக்கும், தொடச்சுக்கோன்னேன். அவள ஒக்கார வச்சிட்டு, சாமிகிட்ட மஞ்ச வச்சிருந்த புதுத்துணிய எடுக்கப் போனேன். பத்து எட்டு தூரம் இருக்கும். சத்தம் கேட்டு ஓடி வந்தா, எந்திரிக்கப் பாத்திருக்கா. கால் மடங்கி தலை கல்லுல..."

நர்மதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நோவு அவளக் கொல்லல மதினி. அவ படுத்துக் கெடந்திருந்தா இன்னைக்கும் உசுரோட படுத்துக் கெடந்திருப்பா. நான் அவள சொகப்படுத்தணும்னுதான் ஊத்துனேன். நீங்களும் அதுக்குத்தான் ஊத்தப் போறீங்க. அது எனக்குத் தெரியும். ஊத்துறதுன்னா ஊத்துங்க. நான் சொல்லிட்டேன்."

இனி இந்த ஊரில் யாரும் தன் பெண்ணைக் குளிப்பாட்ட என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று மட்டும் தோன்றியது. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

தவமணி அண்டாவைப் பார்த்தாள். நர்மதாவைப் பார்த்தாள். உள்ளே பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் பிள்ளை சிணுங்கியது. பக்கத்து வீட்டில் ஒரு சரவெடி முழுசாக வெடித்து ஓய்ந்தது.

பிறகு அவள் குழாயடிக்குப் போனாள். ரத்தினவேல் திறந்துவிட்ட தண்ணீர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. வாளியைப் பிடித்துத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தாள்.

"உள்ள வா. எவ்வளவு ஊத்தணும்?"

"மூனு வாளி."

"மூனா? அதுக்குப் பேரு குளியலா?"

"கைய வச்சுப் பாருங்க மதினி. ஒங்க கைக்குச் சூடு தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது."

ஊற்றினாள். கையை வைத்துப் பார்த்தாள். "நான் இத பச்சத்தண்ணின்னுதான் சொல்லுவேன்" என்றாள். ஆனால் மூன்றாவது வாளியையும் ஊற்றினாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு நர்மதாவை அதில் உட்காரச் சொன்னாள். நான் ஊற்ற, அவள் பிடித்துக்கொண்டாள். தலைக்குச் சீயக்காய் தேய்த்து முடிக்கிற வரைக்கும் அவள் கை மருமகள் தோளை விடவில்லை. துண்டு எடுக்க நான் போகிறேன் என்றேன். "நீ நில்லு. ரெண்டு பேருல ஒருத்தி இருக்கணும்" என்று, உள்ளே பார்த்துக் கத்தி, பிள்ளைக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியைத் துண்டு கொண்டுவரச் சொன்னாள்.

நர்மதா எழுந்தாள். நடந்தாள். அறைக்குள் போய் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.

மத்தியானம் அண்ணன்காரன் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்திருக்கிறான். "தங்கச்சியப் பாக்க வந்தியா, சாப்புட்டுப் போ" என்று மட்டும் சொன்னாளாம் தவமணி. ரத்தினவேல் தொட்டியிலிருந்து நேராக வந்து சொல்லிவிட்டுப் போனான். அவன் இன்னொன்றும் சொன்னான். நாளை மறுநாள் முதல் நான் வேலைக்கு வர வேண்டுமாம். "பச்சத்தண்ணிக்காரிய வரச் சொல்லு" என்றாளாம் அவன் அம்மா.

போவேன். ஏன் போக மாட்டேன்? அந்த வீட்டில் மட்டும் இல்லை, இனி எந்த வீட்டில் கூப்பிட்டாலும் முதல் கேள்வி, குளிக்கும்போது கண் மறைக்கிறதா, கால் மடங்குகிறதா என்பதுதான். மடங்கினால் விளாவுவேன். டாக்டரிடம் கூட்டிப்போவேன். மாமியார்கள் என்ன வேண்டுமானாலும் பேசட்டும்.

இன்றைக்குப் பாத்ரூம் தேய்க்கவில்லை. அங்கே கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

தவமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன் பூசணி, ஒன்றைத் தவிர. அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீ நினைத்திருந்தால் அன்றைக்கும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் ஊற்றியிருக்க மாட்டேன். ஒரு வருஷமாக, "சூடு வேணாம்மா, டாக்டர் சொன்னது மறந்துருச்சா?" என்று என்னை அதட்டினவள் நீதான். அன்றைக்கு அண்டாவைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், சிரித்தாய், "சரிம்மா, ஊத்து" என்றாய்.

உனக்கே ஒரு நாள் சுடச்சுடக் குளிக்க ஆசையாக இருந்ததா, இல்லை, எனக்காகத்தான் சரி என்று சொன்னாயா?